மறுத்தது தரவுத்தளம் அல்ல

"வெப் சர்வரை ஸ்டார்ட் செய்தால் தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடவுச்சொல்லைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சில சமயம் ஓடுகிறது. என்ன காரணம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கடவுச்சொல்லை விடுங்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிழைச்செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் வந்ததா, இல்லை திரை அப்படியே நின்று வெகுநேரம் கழித்து வந்ததா? இதற்கு விடை தெரிந்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

ஐபி முகவரி (கணினியின் முகவரி), போர்ட் எண் (அந்தக் கணினியில் ஒரு நிரலுக்கான வாசல் எண்) பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432 என்ற போர்ட்டில் காத்திருக்கும், மைஎஸ்க்யூஎல் 3306-இல். இணைப்பு தொடங்குவது, கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான டிசிபியின் மும்முறைக் கைகுலுக்கலில். உங்கள் நிரல் 'சின்' என்ற சிறு பொட்டலத்தை அனுப்பும். அந்தப் பக்கத்திலிருந்து 'சின்-ஆக்' வரும். இங்கிருந்து 'ஆக்' போகும். பயனர் பெயர், கடவுச்சொல் பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான். அதனால் 'கனெக்ஷன் ரெஃபியூஸ்டு' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்றோ 'டைம்ட் அவுட்' (நேரம் கடந்துவிட்டது) என்றோ வந்தால், கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கே நீங்கள் போகவில்லை என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரவுத்தளம் ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் "முடியாது" என்று உடனே பதில் சொன்னது யார்? அந்தக் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 5432-க்கு ஒரு சின் வந்ததும் அது தன் பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்றால் 'ரீசெட்' பொட்டலம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் திரையில் தெரியும் 'ரெஃபியூஸ்டு' அதுதான். பார்த்தாலே எரிச்சல் வரும் அந்தச் செய்தி உண்மையில் நல்ல செய்தி. கணினி உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க் வேலை செய்கிறது, போக வழியும் வர வழியும் திறந்திருக்கின்றன. கதவுக்குப் பின்னால் ஆள் மட்டும் இல்லை. (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால்கள் சில தாங்களே மறுப்பு அனுப்புவதும் உண்டு. அதையும் நினைவில் வையுங்கள்.)

பதிலே வராவிட்டால் கதை வேறு. முகவரி தவறாக இருக்கலாம், அல்லது ஃபயர்வால் உங்கள் பொட்டலத்தைச் சத்தமின்றிக் கீழே போட்டிருக்கலாம். அனுப்பிய பக்கத்துக்கு அது தெரியாது. வழியில் தொலைந்ததோ என்று எண்ணி ஒரு நொடி கழித்து மறுபடி அனுப்பும். பிறகு 2 நொடி, 4, 8, 16, 32 என்று இடைவெளி இரட்டிப்பாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த கணக்குப்படி, 6 மறுமுயற்சிக்குப் பின் மேலும் 64 நொடி பொறுத்து, மொத்தம் 127 நொடியில் கைவிடும். நெரிசலில் திணறும் நெட்வொர்க்கை மேலும் நெரிக்காமல் ஒதுங்கி நிற்கும் பொறுமை இது. ஒரு நெறிமுறைக்குள் இவ்வளவு பண்பை எழுதி வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

கணினி விஞ்ஞானிகள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1981-இல் ஜான் போஸ்டெல் தொகுத்த ஆவணத்தில் டிசிபி நிலைபெற்றது. 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸைப் போலவே அதுவும் அரசு ஆராய்ச்சி நிதியில் வளர்ந்ததுதான். உடனடி லாபம் என்ன என்று கேட்டே நிதி ஒதுக்குபவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஓடும் மர்மம். 'ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்' என்பது நம் துறையின் மூடநம்பிக்கை. நம்பிக்கை பலித்ததற்குக் காரணம் நீங்கள் கொடுத்த அவகாசம், அவ்வளவே. வெப் சர்வரும் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் எழுகின்றன. முன்பு திடீரென நின்றுபோன போஸ்ட்கிரெஸ், எழுந்ததும் தன் பதிவேட்டைப் படித்து விடுபட்ட மாற்றங்களை மீண்டும் செய்து முடிக்க வேண்டும். அதுவரை வருபவர்களிடம் 'தரவுத்தளம் இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். கைகுலுக்கலை முடிப்பதும் கெர்னல்தான் என்பதால், இணைப்பு கிடைத்துவிட்டது என்பதற்கும் தரவுத்தளம் தயார் என்பதற்கும் நடுவே இடைவெளி உண்டு. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் ஸ்கிரிப்டுகள் ஏமாறுவது இங்கேதான். பல கன்டெய்னர்களை (நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகளை) ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸில் 'டிபெண்ட்ஸ் ஆன்' (இதைச் சார்ந்தது) என்று வெறுமனே எழுதினாலும் இதே கதி. கன்டெய்னர் தொடங்கிவிட்டதா என்பதைத்தான் அது பார்க்கும். ஹெல்த்செக் (உண்மையில் தயாரா என்ற சோதனை) நிபந்தனை சேர்த்தால்தான் உண்மையில் காத்திருக்கும். உங்கள் நிரலிலும் டிசிபி செய்வதையே செய்யுங்கள்: இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடி முயலுங்கள். பல சர்வர்கள் இருந்தால் அந்த இடைவெளியில் கொஞ்சம் சீரற்ற தன்மையும் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நொடியில் வந்து மோதும்.

மற்றவை எளிது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி' என்று பொருள்; கன்டெய்னருக்குள் அப்படிச் சொன்னால் அந்தக் கன்டெய்னரேதான், பக்கத்தில் ஓடும் தரவுத்தளம் அல்ல. லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தால் டிசிபியை விட்டுவிட்டு சாக்கெட் கோப்பை (ஒரே கணினிக்குள் இருக்கும் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் கோப்பு) தேடும். அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியை எழுதினால் டிசிபி வழியே போகும். இணைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்று செய்தி வந்தால் வரம்பைப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100, மைஎஸ்க்யூஎல்லில் 151.

உங்களுக்கு மறுப்பு உடனே வருகிறது, தரவுத்தளமோ வேறு கணினியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றால், அந்தக் கணினியில் காத்திருக்கும் போர்ட்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 5432-க்கு முன்னால் 127.0.0.1 மட்டும் இருந்தால், அது தன் வீட்டுக்குள் இருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கிறது. போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பே அப்படித்தான். அதன் அமைப்புக் கோப்பின் 'லிசன் அட்ரஸஸ்' (கேட்க வேண்டிய முகவரிகள்) வரியில் அந்தக் கணினியின் நெட்வொர்க் முகவரியையும் சேர்த்து, தரவுத்தளத்தை ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்த மாற்றத்துக்கு அது உண்மையாகவே தேவை.