புற்றுநோய்ப் பதிவேடும் காப்பீட்டு விவரமும் ஆய்வுக்காக இணைவது எப்படி? நீலகிரி மக்களுக்கு ஒரு விளக்கம்

நீலகிரியில் ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியானால் அந்தத் தகவல் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தில் சேர வேண்டும். 2012-இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பாதித்த உறுப்பு, நோயின் வகை, கண்டறிந்த தேதி, இறப்பு ஆகியவை இருக்கும். சிகிச்சை முடிந்ததா, பாதியில் நின்றதா என்பது பெரும்பாலும் இராது. அதைச் சொல்லக்கூடியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் இத்திட்டத்தில், முன் அனுமதி கேட்ட நாளும் சிகிச்சையும் தொகையும் பதிவாகின்றன. நோயாளி பின்னர் என்ன ஆனார் என்பது அங்கே இல்லை. பந்தலூரில் ஒரு பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தெரிந்த நாளுக்கும் முதல் கதிர்வீச்சுக்கும் இடையே எத்தனை வாரம் கழிந்தது? இரண்டையும் சேர்த்தால்தான் விடை கிடைக்கும்.

சேர்ப்பதற்கு முன் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள வரிகளை ஆள்வாரியாகச் சுருக்க வேண்டும். கீமோ சிகிச்சைக்குச் சுற்றுக்கு ஒரு கிளெய்ம், அதாவது காப்பீட்டுத் தொகை கேட்கும் விண்ணப்பம், போவதால், ஆறு சுற்று எடுத்தவர் ஆறு வரியாக இருப்பார். இதை விட்டுவிட்டால் ஒருவரே ஆறு நோயாளி ஆகிவிடுவார். அடுத்து, ஆதார் எண் இரண்டு பதிவுகளிலும் முழுமையாக இல்லாதபோது பெயர், பாலினம், வயது, ஊர், கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே ஆள்தானா என்று மதிப்பெண் போடுவார்கள். அரிதான பெயர் ஒத்துப்போனால் மதிப்பெண் அதிகம், பரவலான பெயருக்குக் குறைவு. நடுத்தர மதிப்பெண் வந்த இணைகளை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். கணினியிடம் முழுதாக விட்டுவிடக் கூடாத இடம் இதுதான்.

மலையில் சிக்கல் கூடுதல். ஒரே ஹட்டியில் (படகர் ஊரில்) போஜன், ஜோகி என்று பலர் இருப்பார்கள். லட்சுமி ஒரு ஏட்டில் லெட்சுமி ஆவார். திருமணத்துக்குப் பின் தந்தையின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும். வயது 50, 55 என்று உத்தேசமாக எழுதப்படும்; அதனால் இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசத்தை ஏற்கத்தான் வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டுக்குக் கதவு எண்ணே இராது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு முகவரியால் வருகிறது. ஓராண்டாவது வசித்த ஊரின் கணக்கில்தான் பதிவேடு ஒருவரைச் சேர்க்கும். கோவையில் சிகிச்சைக்குப் போனவர் அங்குள்ள உறவினர் வீட்டு முகவரியைத் தந்தால் அந்த நோய் கோவைக் கணக்கில் ஏறிவிடும். கூடலூர்க்காரர் கேரளத்தில் கைக்காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றிருந்தால் இங்கே கிளெய்மே இராது. கிளெய்ம் இல்லாததை 'சிகிச்சை இல்லை' என்று படிப்பது தவறு.

ஆய்வாளர்கள் சறுக்கும் இன்னோர் இடமும் உண்டு. கிளெய்ம் போடும் நாள் வரை உயிரோடு இருந்தவர்தான் காப்பீட்டுப் பட்டியலுக்குள் வருவார். கண்டறிந்த நாளிலிருந்தே அவரைக் காப்பீடு பெற்றவர் என்று எண்ணினால், காப்பீடு ஆயுளைக் கூட்டியதாகப் பொய்க்கணக்கு வரும். முதல் கிளெய்ம் தேதிக்குப் பிறகே அவரை அந்தப் பிரிவில் வைக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. பெயர்களை இணைப்பவர் வேறு, பெயர் நீக்கிய தரவை ஆராய்பவர் வேறு என்று பிரித்துவிடுவது நல்ல நடைமுறை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குத் தரும் விலக்கு, அந்தத் தரவை வைத்துத் தனி ஆள் குறித்து முடிவெடுக்காத வரைதான் செல்லும். அந்த விலக்கைக் காட்டி வாங்கிய தரவால் உங்கள் கிளெய்மை மறுக்க முடியாது. தோடர் போன்ற சிறு சமூகத்தில் 'பெண், 43, மார்பகம்' என்று அச்சிட்டாலே ஆள் தெரிந்துவிடும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக்கி, தாலுகாக்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.

மருத்துவமனையில் பெயர் பதியும்போது ரேஷன் கார்டில் உள்ளபடியே பெயரையும் இனிஷியலையும் சொல்லுங்கள். சொந்த ஹட்டி அல்லது எஸ்டேட் டிவிஷன், தாலுகா இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தங்கியிருக்கும் வீட்டு விலாசம் கேட்டால், அது தற்காலிக முகவரி என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.