ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டு மாணவர்களை அனுப்பாதீர்கள்

கல்லூரியின் லெட்டர்ஹெட், முதல்வர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். விஷயம் இரண்டே வரி: இந்த மாணவர் விடுதியில் தங்கிப் படிக்க மனத்தகுதி உடையவர், இனி இதுபோல் நடந்துகொள்ள மாட்டார் என்று மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் அனுமதி. மாற்றிப் போட வேண்டியது பெயரும் பதிவு எண்ணும் மட்டும்தான். மனநல மருத்துவரான எனக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வந்து வந்து சலித்துவிட்டது. போன வாரமும் ஒன்று வந்ததால்தான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன். "ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா இன்னைக்கே கொண்டுபோய் விட்டுடுவேன் சார், திங்கக்கிழமை பரீட்சை" என்கிறார் அப்பா. அப்படி என்னதான் செய்தான்? "வாழப் பிடிக்கலடா" என்று அறை நண்பனிடம் சொன்னான். நண்பன் பயந்துபோய், நல்ல எண்ணத்தில், வார்டனிடம் சொன்னான். வார்டன் முதல்வருக்குச் சொல்ல, முதல்வர் வீட்டுக்குப் போன் போட, அன்று ராத்திரியே அவன் பெட்டி விடுதி வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த அறையில் மிச்சம் இருக்கும் பையன்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? இனிமேல் எவன் என்ன சொன்னாலும் வார்டன் காதுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றுதான்.

சரி, அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். அப்படி ஒன்று கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்த்தோ, ஸ்கேன் செய்தோ "இனி தற்கொலை எண்ணம் வராது" என்று எந்த மருத்துவரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணம் வரும், போகும், மறுபடி வரும். இன்று பேசியதில் எப்படி இருக்கிறான் என்று என்னால் எழுத முடியும். அடுத்த செமஸ்டருக்கு உத்தரவாதம் எழுத முடியாது. மாரடைப்பு வந்து சிகிச்சை எடுத்த பேராசிரியரிடம் "இனி வரவே வராது என்று எழுதி வாங்கி வந்தால்தான் வேலை" என்று எந்த நிர்வாகமாவது சொல்லியிருக்கிறதா? கல்லூரிக்குத் தேவை மாணவனின் பாதுகாப்பு அல்ல, நாளைக்கு ஏதாவது நடந்தால் நீட்டிக் காட்ட ஒரு காகிதம். அதை நான் தர மாட்டேன். கேட்காதீர்கள்.

நான் எழுதித் தருவது வேறு. சிகிச்சையில் இருக்கிறார், படிப்பைத் தொடரலாம், தனி அறையில் போட வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வர அனுமதி கொடுங்கள், அரியர் பேப்பர்களை எல்லாம் ஒரே மூச்சில் எழுதச் சொல்லாதீர்கள். உண்மையில் உதவக்கூடிய கடிதம் இதுதான். "ஃபார்மேட்ல இல்லை" என்று ஆபீசில் திருப்பி அனுப்புகிறார்கள்!

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. பிரிவு 23: மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அவருடைய உரிமை. முயற்சியே செய்யாமல் வாய்விட்டுச் சொன்னவனை நீங்கள் ஊர்கூட்டி வெளியேற்றுகிறீர்கள். 2022இல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாக் கல்லூரிகளும் கவுன்சலிங் சென்டர் போர்டை மாட்டிவிட்டன. ஒன்றைப் போய்ப் பார்த்தேன். முதல்வர் அறைக்கு அடுத்த அறை, கண்ணாடிக் கதவு. மேசையில் ஒரு ரெஜிஸ்டர்: பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம், துறைத் தலைவர் கையொப்பம். நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு, அதாவது சரியாக வகுப்பு நடக்கும் நேரம். போக வேண்டுமானால் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும், பல சமயம் பிரச்சினையே அவராகத்தான் இருக்கும். ஆலோசகரும் அதே கல்லூரியில் இன்டர்னல் மார்க் போடும் விரிவுரையாளர், இரண்டு நாள் பயிற்சி முடித்தவர். எந்தப் பிள்ளை வந்து உட்காரும்?

எங்கள் மருத்துவக் கல்லூரிகள் மட்டும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. மாணவர்களின் மனநலத்துக்காகத் தமிழக அரசு 2022இல் 'மனம்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த மாணவர்கள் வருகைப்பதிவுக் குறைவுக்காக மஞ்சள் காமாலை என்று யாரிடமாவது சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறார்கள். நான் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் 'மென்டல்' என்று பெயர் விழும் என்ற பயம். எழுதித் தரும் டாக்டர் நண்பர்களே, உங்களையும்தான் சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய செலவும் இல்லை. அந்த ரெஜிஸ்டரை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். அறையை நூலகத்துப் பக்கமோ விளையாட்டு மைதானத்துப் பக்கமோ மாற்றுங்கள். மாலை ஐந்துக்கு மேல் திறந்து வையுங்கள். மதிப்பெண் போடாத, வெளியிலிருந்து வரும் தகுதியான ஆள் ஒருவரை நியமியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதை மாணவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டி வந்து ஆடிட்டோரியத்தில் கைதட்ட வைப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கமே வராமல் கிடப்பவனுக்கு அப்துல் கலாம் கனவு காணச் சொன்னதை ஞாபகப்படுத்தி என்ன பயன்?

வார்டன்களுக்கு: "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள், மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். நடு ராத்திரியிலும் 14416இல் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனஸில் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எண்ணை ஐடி கார்டுக்குப் பின்னால் அச்சடித்துக் கொடுங்கள்.

அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போது அரியர் எத்தனை என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். மாத்திரை பழகிவிடும் என்று பயந்து பத்தாம் நாளே நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டு மெதுவாகத்தான் செய்ய வேண்டும். கல்லூரி அந்தக் கடிதத்தை நீட்டினால், "எங்களுக்கு உத்தரவாதம் எழுதித் தர டாக்டருக்கு அதிகாரம் இல்லையாம், அவர் எழுதியதை ஏற்க முடியாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பிள்ளையைப் பரீட்சைக்கு உள்ளே விட்டுவிடுவார்கள்.