பெரிடோனைட்டிஸ்: சொல் விளக்கம்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸ் என்றால் மும்பையில் தாராவியிலும் சயானிலும் நம்மாட்கள் மனதில் வருவது ஆஸ்பத்திரிக் கட்டில், ஊசி, ரத்தம் ஓடும் இயந்திரம். பேச்சுவழக்கில் ‘ரத்த சுத்திகரிப்பு’ என்கிறோம். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்பவருக்கு இந்தப் பெயர் குழப்பம்தான் தரும். அவர் ரத்தம் உடலைவிட்டு வெளியே வருவதே இல்லை. குளுக்கோஸ் கலந்த திரவம், பெரியவர்களுக்குப் பொதுவாக 2 லிட்டர், குழாய் வழியாக வயிற்றுக்குள் இறங்கும். சில மணி நேரம் கழிவை வாங்கிக்கொண்டு வெளியேறும். இதைக் கையால் செய்பவர்கள் பெரும்பாலும் நாளுக்கு 4 முறை திரவப் பை மாற்றுவார்கள்.

அங்கே சல்லடையாக வேலை செய்வது பெரிடோனியம். கிரேக்கத்தில் ‘பெரி’ என்றால் சுற்றி. அதன் பின்பகுதி இழுத்து விரிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. குடலையும் இரைப்பையையும் போர்த்தி, வயிற்றின் உட்சுவரிலும் படரும் மெல்லிய சவ்வு இது. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ஆக, பெரிடோனைட்டிஸ் என்பது இந்தச் சவ்வின் அழற்சி. நேராகத் தமிழாக்கினால் ‘சுற்றுவிரி அழற்சி’. சொல் அழகுதான், ஆனால் கேட்பவருக்கு வயிறு ஞாபகம் வராது. ‘வயிற்று உள்ளுறை அழற்சி’ என்பதே என் தேர்வு.

குடல்வால் வெடித்தாலும் இந்த அழற்சி வரும். டயாலிசிஸ்காரர்களுக்கோ பெரும்பாலும் கிருமி நுழைவது பை மாற்றும்போது கைபடும் குழாய் முனை வழியாக. நம் தோலிலும் மூக்கிலும் சாதுவாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகளே அடிக்கடி மாட்டும் குற்றவாளிகள். அதனால்தான் முகக்கவசம், சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை, மூடிய ஜன்னல், நிறுத்திய ஃபேன் எல்லாம். மே மாத மும்பைப் புழுக்கத்தில், அதுவும் ஒற்றை அறை வீட்டில், ஃபேனை நிறுத்தச் சொன்னால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்தான். மாற்றி முடிகிறவரை வெளியே நிற்கட்டும். அறைக்குள் ஆள் குறைவதும் நல்லதே. குழாய் வெளிவரும் இடத்தில் தினமும் முபிரோசின் போன்ற களிம்பு தடவச் சொல்வார்கள். மலச்சிக்கலையும் விடக்கூடாது, குடல் கிருமிக்கு அது வழிவிடும்.

சரி, வந்துவிட்டால்? வெளியேறும் திரவம் கலங்கும், வயிறு வலிக்கும், காய்ச்சலும் வரலாம். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்றிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க அந்தத் திரவம்தான் வேண்டும்.