துண்டுச்சீட்டு கொடுத்தா யாரும் மீட்டிங் போறதில்ல

டீஅடிக்‌ஷன் வார்டுல கவுன்சிலரா சேர்ந்த புதுசுல, டிஸ்சார்ஜ் ஆகுற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்புவேன். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவங்க ஒண்ணா கூடி ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்குற குழு) மீட்டிங் எங்க நடக்குது, என்ன கிழமை, எத்தனை மணின்னு எழுதி. நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருக்கும். மூணு மாசத்துல அதே ஆளு மறுபடி அட்மிட் ஆவாரு, வீட்டம்மா பழைய ஓபி சீட்டைத் தேடி பையைக் கொட்டுனா என்னோட துண்டுச்சீட்டு நாலா மடிச்சபடியே விழும்.

அப்படி வந்த ஒரு லோடுமேன் அண்ணன்கிட்ட கேட்டேன் (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திருக்கேன்). "ஒரு நாள் வாசல் வரைக்கும் போனேன் சார். உள்ள செருப்பா கிடக்கு, பேச்சு சத்தம் கேக்குது, ஒருத்தரையும் தெரியாது. சர்ச் காம்பவுண்டு வேற. மதம் மாத்திருவாங்களோன்னு திரும்பிட்டேன்." திரும்பி எங்க போனாருன்னு நான் கேக்கல. மீட்டிங் பெரும்பாலும் சாயந்தரம் ஆறரை மணிவாக்குல, அது இவங்க குவார்ட்டர் வாங்குற நேரம், டாஸ்மாக் தெரிஞ்ச இடம், மீட்டிங் தெரியாத இடம்.

இடத்தைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். சர்ச், ஸ்கூல்னு வாடகை கம்மியா ரூம் கிடைக்கிற இடத்துல நடத்துறாங்க, அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்தது இல்ல. கடவுள் பேச்சு வரும், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா "நாம் அறிந்துகொண்ட வகையில்"னு சேர்த்துத்தான் சொல்லுவாங்க, அது முருகனோ மாதாவோ அல்லாவோ அந்த குரூப்போ உங்க பாடு. ஃபீஸ் கிடையாது, ஆதார் கார்டு கேக்க மாட்டாங்க, குடியை நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும்.

1981ல அமெரிக்கால 20 பேரை வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க. பாதிப்பேருக்கு மீட்டிங் விவரத்தை மட்டும் கொடுத்தாங்க, மீதிப்பேருக்கு கவுன்சிலர் முன்னாடியே ஒரு ஏஏ மெம்பர்கிட்ட போன் போட்டுக் கொடுத்து, அந்த மெம்பரே கூட்டிட்டுப் போற மாதிரி ஏற்பாடு. விவரம் மட்டும் வாங்கினவங்கள்ல ஒருத்தர்கூட போகல, போன்ல பேசுன அத்தனை பேரும் போனாங்க. 20 பேருங்கிறது ரொம்ப கம்மிதான், ஆனா என் சீட்டெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குப் புரிஞ்சது. யோசிச்சா ஏஏவே ஒரு போன் காலுல பொறந்ததுதான், 1935ல பில் வில்சன்னு ஒருத்தர் ஏக்ரன் ஊர்ல ஹோட்டல்ல தனியா நிக்குறாரு, வந்த பிசினஸ் ஊத்திக்கிச்சு, பக்கத்துல பார், குடிச்சிருவோமோன்னு பயந்து சர்ச் சர்ச்சா போன் போட்டு பேச இன்னொரு குடிகாரரைத் தேடுறாரு. அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப், ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏஏவை ஆரம்பிச்சாங்க.

அதனால இப்ப சீட்டு எழுதுறதை விட்டுட்டேன். பேஷன்ட் சம்மதிச்சா அவர் வார்டுல இருக்கும்போதே ஒரு மெம்பருக்கு போன் போட்டு கையில கொடுத்துடுவேன். நம்ம லோடுமேன் அண்ணன் "ம்", "ஆமா"ங்கிறதைத் தவிர ஒண்ணும் பேசல. கடைசியில "பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நிக்கேன்"னாரு, வெள்ளிக்கிழமை போனாரு. மீட்டிங்ல டீ, பிஸ்கட். ஒவ்வொருத்தரா "நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு தன் கதையைச் சொல்ல, ஒருத்தர் பேசுறப்ப குறுக்க யாரும் புத்தி சொல்றதில்ல. "பொண்ணு ஸ்கூல் ஃபீஸை எடுத்துக் குடிச்சேன்னு ஒருத்தர் சொன்னாரு சார், எல்லாரும் தலையாட்டுனாங்க, நான் கொலுசை வித்தவன்"னாரு அப்புறம். நாலு வாரம் இவர் வாயே திறக்கல, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருப்பேன். தினமும் ஹெவியா குடிக்கிறவர் "நாளைல இருந்து தொடமாட்டேன், மீட்டிங் போயிக்கிறேன்"னு டக்குனு நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், வேர்வைன்னு ஆரம்பிச்சு முதல் ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆளு குழம்பி இல்லாதது கண்ணுல தெரியும், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. கோயில்ல கயிறு கட்டிட்டு வந்து ஃபிட்ஸோட கேஷுவாலிட்டில கிடந்தவங்களை நான் பாத்திருக்கேன். முதல்ல டாக்டர், கூடவே மீட்டிங்.

எங்க நடக்குதுன்னு தெரியலன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேளுங்க, இல்ல மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416, போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446, ரெண்டும் இலவசம். இடமும் நேரமும் அடிக்கடி மாறும், போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. வெளியூர்ல இருந்தா ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கு. வீட்டுக்காரங்களுக்கு அல்அனான்னு தனியா இருக்கு, அவர் குடிச்சாலும் குடிக்காட்டியும் நீங்க போகலாம், பல அக்காங்க இது தெரியாம வருஷக்கணக்கா தனியா அழுதுட்டு இருக்காங்க.

லோடுமேன் அண்ணன் அஞ்சாவது மாசம் ஊர்க்கொடையில குடிச்சிட்டாரு. மறுநாளே வாடையோட மீட்டிங் போய் கடைசி சேர்ல உக்காந்திருக்காரு. பக்கத்துல இருந்தவர் டீயை நீட்டி "இன்னைக்கு சும்மா கேட்டுட்டு மட்டும் போங்க தம்பி"ன்னாராம். அது நடந்து இன்னைக்கோட 61 நாள், எண்ணிக்கை அவர் சொன்னது.