தகவமைப்பு: அமைத்துக்கொண்டதா, அமைந்ததா?

அக்கா மகளுக்குப் பரீட்சை நேரம். மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "பாலைவனத்தில் வாழ்வதற்கேற்ப ஒட்டகம் தன் உடலைத் தகவமைத்துக்கொண்டுள்ளது." நாலாவது தடவையாக இதைச் சொன்னபோது, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏத்தா, ஒட்டகம் எப்புடி அமைச்சுக்கிருச்சு? கொத்தனாரு வச்சா?"

அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. அப்பா முப்பது வருசம் கிடைமாடு பார்த்தவர். மாடு எதை அமைக்கும், எதை அமைக்காது என்று அவருக்குத் தெரியும்.

'அடாப்டேஷன்' என்பதற்கு நம் பள்ளிப் புத்தகங்கள் தரும் சொல் தகவமைப்பு. ஓர் உயிரினக் கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தன் சூழலுக்குப் பொருந்தி வருவதற்கும் அதுதான் பெயர். அப்படிப் பொருந்திவந்த உறுப்புக்கோ குணத்துக்கோ கூட அதே பெயர்தான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பு லத்தீனில். 'அட்' என்றால் ஒன்றை நோக்கி, 'ஆப்டஸ்' என்றால் பொருந்தியது. இரண்டும் சேர்ந்து 'அடாப்டாரே', பொருத்துதல். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'இசைவாக்கம்' என்று இருக்கும். காதுக்கு இனிமையான சொல். ஆனாலும் எனக்குத் தகவமைப்பின் மேல்தான் ஆசை. காரணம் அதன் முதல் பாதி.

தகவு என்பது 'தகு' என்ற வேரிலிருந்து வருவது. தகுதி, தக்கது, தகைமை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பழைய சொல். நடுவுநிலைமை அதிகாரத்தில், 114ஆம் குறளில் நிற்கிறது:

தக்கார் தகவிலர் என்பது அவரவர்
எச்சத்தாற் காணப் படும்.

இங்கே தகவு என்றால் நீதி, நேர்மை. எச்சம் என்பதற்குப் புகழ் என்றும் பொருள் சொல்கிறார்கள். பரிமேலழகர் மக்கள் என்றே உரை எழுதுகிறார். ஒருவன் தக்கவனா இல்லையா என்பது அவன் விட்டுச்சென்ற பிள்ளைகளால் தெரியும் என்கிறார். உயிரியல் படித்தவர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார். ஏனென்றால் ஓர் உயிர் எவ்வளவு தக்கது என்பதை உயிரியலும் அதன் பலத்தை வைத்தோ அழகை வைத்தோ அளப்பதில்லை, அது விட்டுப்போன வாரிசுகளை எண்ணித்தான் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு வள்ளுவர் அன்றே பரிணாமம் சொன்னார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் பேசியது அறம். சொல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று காட்டத்தான் குறளை இழுத்தேன்.

சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. தமிழில் 'அமை' இரண்டு வழியில் ஓடும். அமைந்தது என்றால் தானாக வாய்த்தது. "பொண்ணுக்கு நல்ல வரன் அமைஞ்சிருக்கு" என்கிறோமே, அது. அமைத்தது என்றால் யாரோ ஒருவர் செய்தது, பந்தல் அமைத்தது மாதிரி. அமைந்ததிலிருந்து வருவது அமைவு, அமைத்ததிலிருந்து வருவது அமைப்பு. இதோடு 'கொள்' என்ற துணைவினையைச் சேர்த்துவிட்டால் தன் நன்மைக்காக, தெரிந்தே செய்தது என்றாகிவிடும். ஆக, "தகவமைத்துக்கொண்டது" என்று எழுதும்போதே ஒட்டகம் ஒருநாள் உட்கார்ந்து யோசித்து முதுகில் திமில் வைத்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறோம். அப்பா பிடித்தது அந்த இடத்தைத்தான்.

ஒரு காலத்தில் அறிவியலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தது. பிரான்சில் லாமார்க் என்ற இயற்கை ஆய்வாளர் 1809இல் எழுதிய நூலில், ஒட்டகச்சிவிங்கி உயரத்துத் தழையை எட்டி எட்டித் தின்றதால் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் போனது என்றார். டார்வினின் நூல் 1859இல் வந்தது. அது கணக்கைத் திருப்பிப் போட்டது. ஒரே கூட்டத்துக்குள் முதலிலேயே வேறுபாடு இருக்கிறது, சூழல் அதில் சிலவற்றைக் கழிக்கிறது, மிஞ்சியவை குட்டி போடுகின்றன. தனி விலங்கு எதுவும் மாறுவதில்லை. கூட்டம்தான் மாறுகிறது.

இந்த வேறுபாடு என்ற சமாசாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு புலிக்குளம் மாட்டுக் கிடைக்குப் போக வேண்டும். மதுரை, சிவகங்கைப் பக்கத்து மாடு. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவார்கள். சாணமும் கோமியமும் வயலுக்கு, கூலி கிடைக்காரருக்கு. விடியற்காலையில் பட்டிக்குள் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். வெளிச்சம் வர வர ஒவ்வொன்றும் தனியாகும். சாம்பல் நிறம் மயிலை, சிவப்பு செவலை, கறுப்பு காரி, உடம்பில் திட்டுத் திட்டாக இருந்தால் மறை. கொம்பு ஒன்றுக்கு முன்னால் வளைந்திருக்கும், ஒன்றுக்கு விரிந்திருக்கும். காரி என்ற பெயர் கலித்தொகையின் ஏறுதழுவல் பாட்டிலேயே இருக்கிறது. வாடிவாசல் ஒலிபெருக்கியில் இன்றைக்கும் கேட்கலாம். ஒரே மாட்டுக்குள் இத்தனை வேறுபாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிற மொழிக்கு 'வேரியேஷன்' என்ற சொல்லைக் கடன் வாங்கும் தேவை கிடையாது. வேறுபாடு என்றாலே போதும். மாறுபாடு என்றும் எழுதுகிறார்கள். அதில் முரண்பாடு என்ற வாடையும் அடிப்பதால் நான் தொடுவதில்லை.

இனம் என்ற சொல்லும் இங்கே குழப்பும். 'ஸ்பீசிஸ்' என்பதற்குப் பாடநூல் சிற்றினம் என்கிறது. ஆனால் புலிக்குளம் இனம், காங்கேயம் இனம் என்று நாம் சொல்லும்போது அது சிற்றினம் ஆகாது. புலிக்குளம் மாட்டையும் காங்கேயம் மாட்டையும் சேர்த்தால் கன்று போடும், அந்தக் கன்றும் வளர்ந்து கன்று போடும். எல்லாம் ஒரே சிற்றினத்தின் உள்வேறுபாடு. பயிர் என்றால் இதே இடத்தில் ரகம் என்போம். உருது வழியாக வந்த சொல்தான், ஆனால் உரக்கடையிலிருந்து வயல் வரைக்கும் அதுதான் புழங்குகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் திருப்பிக் கேட்டேன். அப்ப நம்ம மாட்டுக்கு வெயில் தாங்குற உடம்பு எப்படி வந்தது?

"எங்குட்டிருந்து வரும்? பஞ்சத்துல எல்லா மாடும்தேன் காஞ்சுச்சு. சிலது விழுந்துருச்சு, சிலது நின்னுச்சு. நின்ன மாட்டோட கன்னுதேன் இன்னைக்கு இருக்கறது."

டார்வினின் புத்தகத்தை அவர் கண்டதில்லை. இதில் அவர் போட்ட வினைகளைக் கவனியுங்கள்: விழுந்தது, நின்றது. எதிலும் 'கொண்டது' இல்லை. நம் நாட்டு மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி அதிகம், தோல் தளர்ந்து தொங்கும், உடம்புக்குள் உண்டாகும் சூடும் குறைவு. சித்திரை வெயிலில் ஜெர்சிக் கலப்பு மாடு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது பக்கத்தில் புலிக்குளம் மாடு கருவேலங்காயைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும்.

நெல்லிலும் இப்படித்தான். இராமநாதபுரம் பக்கம் வானம் பார்த்த பூமியில் புழுதி விதைப்பாகப் போடும் நொறுங்கன், வறட்சிக்குத் தாக்குப்பிடிக்கிற ரகம். மழை ஏமாற்றிய வருசத்தில் எந்தக் கதிர் மணி பிடித்ததோ அதுதான் அடுத்த வருசத்துக்கு விதை. பாதி வேலையை வெயில் பார்த்தது, மீதியை விதை எடுத்து வைத்த சம்சாரி, அதாவது விவசாயி, பார்த்தார்.

இனி, தகவமைப்பு என்று தவறாகச் சொல்லப்படுகிற ஒன்று. வயலோரத்தில் அந்திக்குப் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு, அறிவியல் பெயர் மெலனிட்டிஸ் லீடா. புழுவாக இருக்கும்போது நெல்லையும் புல்லையும் தின்னும். மழைக்காலத்தில் பிறந்தால் இறக்கையின் அடிப்பக்கம் வரிசையாகக் கண் மாதிரிப் புள்ளிகள் இருக்கும். கோடையில் பிறந்தால் புள்ளி மங்கி, அச்சாகக் காய்ந்த சருகு. சருகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டால் காலால் மிதிக்கும் வரை தெரியாது. இரண்டும் வேறு பூச்சி இல்லை, ஒரே தாயின் பிள்ளைகள் கூட இப்படிப் பிறக்கலாம். புழுப் பருவத்துச் சூடும் ஈரமும் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. இதற்குத் தோற்ற நெகிழ்வு என்று பெயர் சொல்லலாம். அப்படி நெகிழும் திறன் வேண்டுமானால் தகவமைப்பு. இந்தப் பூச்சி சருகு நிறத்தில் பிறந்தது தகவமைப்பு ஆகாது.

மதுரை மல்லிக்கும் இதே நியாயம்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதன் மவுசே தனி. ஆனால் அது விதையில் வருவதில்லை. இராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் குச்சி நட்டு வேர்பிடித்த நாற்றுகள் இங்கே வருகின்றன. ஒரே செடியின் துண்டுகள் இரண்டு ஊரில் வேறு வேறாகப் பூத்தால் அது மண்ணின், தண்ணீரின் வேலை. மல்லி மதுரைக்குத் தகவமைந்தது என்று எழுதுவது தப்பு. ஊர்ப் பேச்சில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: ஒத்துக்கிருச்சு. "புது ஊருத் தண்ணி ஒத்துக்கல" என்பதும் அதே சொல்தான். ஒத்துக்கொள்வது ஒரு ஆயுசுக்குள் நடப்பது, பிள்ளைக்குப் போகாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழம்புகிறார்கள். நாவலைப் படமாக எடுப்பதையும் அதே சொல்லால் சொல்வார்கள். நமக்கு அதற்குத் தழுவல் தனியாக இருக்கிறது.

கடைசியாக, இதே குடும்பத்துத் தொடர் ஒன்று: தக்கன பிழைக்கும். ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1864இல் உருவாக்கிய 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்ற தொடரின் தமிழ். மூலத்தில் இல்லாத ஒரு சுவை தமிழில் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவது, தவறு செய்வதும் பிழைத்தல்தான். மரபணு படியெடுக்கப்படும்போது நேரும் சின்னச் சின்னப் பிழைகளிலிருந்துதான் வேறுபாடே பிறக்கிறது. பிழையில்லாமல் படியெடுத்திருந்தால் மயிலையும் காரியும் ஏது? இதை மொழிபெயர்த்தவர் தெரிந்து செய்தாரோ என்னவோ, நான் ரசித்துவிட்டுப் போகிறேன்.

சொல்லை மாற்ற வேண்டுமா என்றால், தகவமைப்பு என்ற பெயர்ச்சொல் ஊன்றிவிட்டது, அதை அசைக்க முடியாது. கறாராக எழுதுகிறவர்கள் தகவமைவு என்று எழுதலாம். வினையையாவது திருத்திக்கொள்ளலாம்: "ஒட்டகத்தின் உடல் பாலைவனத்துக்குத் தகவமைந்துள்ளது."

இதை அக்கா மகளிடம் சொன்னேன். "புத்தகத்துல இருக்கற மாதிரி எழுதலைன்னா அரை மார்க்கு போயிரும் மாமா" என்றாள். அதுவும் சரிதான். பரீட்சையில் அமைத்துக்கொண்டது என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.