தனியே மலையேறப் போகிறவர்களுக்கு, கடல்மட்டத்திலிருந்து ஒரு வைத்தியர் எழுதுவது

சில வருடங்களுக்கு முன், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் வலக்கை விரல் நுனிகள் விறைத்துப்போயிருப்பதாகச் சொல்லி என் கிளினிக்குக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் விரல் விறைப்பு என்றால் வைத்தியர்களாகிய எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நீரிழிவுதான். அவருக்கு இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. ஆனால் மூன்று விரல்களின் நுனித்தோல் கறுத்துக் காய்ந்து உரியத் தொடங்கியிருந்தது. பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, அதன்பின் எங்கள் ஊர் வெயிலில் ஒருமுறையேனும் காணாத காயம் அது. பனிக்கடி, கடுங்குளிரில் தோலும் தசையும் உறைந்து வரும் காயம்.

"எங்கே போயிருந்தீர்கள் தம்பி?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "நேபாளத்துக்கு, டொக்டர். அம்மாவுக்குத் தெரியாது. கொழும்பிலை ட்ரெயினிங் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்" என்றார். அவருடைய சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அவர் போன இடம் கோசாய்குண்டம். காத்மண்டுவுக்கு வடக்கே லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், 4380 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஏரி அது. ஆலகால விடத்தை உண்ட நீலகண்டர், தொண்டை எரிச்சல் தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த நீர் என்பது அங்குள்ள ஐதீகம். அதைச் சுற்றி மேலும் பல ஏரிகள் உள்ளன. 2007ஆம் ஆண்டில் அவை எல்லாம் சேர்த்து, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே பெருந்திரளாக அடியார்கள் ஏறுவார்கள். இவர் திருவிழாக் காலத்தில் போகவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் தனியே போய், ஏரிகளைக் கடந்து, கணவாய்க்கு மேலே இருக்கும் 5145 மீற்றர் உயரமான சூரியச் சிகரத்தில் பாறையைப் பிடித்து ஏறிவிட்டு வர வேண்டும் என்பதுதான் திட்டம். சிவனொளிபாத மலையில் மூன்று தடவை, அதுவும் மூன்று மணித்தியாலத்துக்குள் ஏறியவர் என்ற தைரியம் அவருக்கு இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் முதற்பிழை இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை. அங்கேயும் நாங்கள் ஏறுவதில்லை, கேணிக்குள் இறங்குகிறோம். சிவனொளிபாத மலையின் உயரம் 2243 மீற்றர். இலங்கையிலேயே மிக உயர்ந்த பீதுருதாலகாலை 2524 மீற்றர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும் என்பதால், இந்த நாட்டுக்குள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அந்த நோய் தனக்கு வருமா வராதா என்பதை ஒருவர் அறிந்துகொள்ள வழியில்லை. சிவனொளிபாதப் படிகள் முழங்காலையும் மூச்சையும் பழக்கும். குறைந்த ஒட்சிசனுக்கு உடலைப் பழக்காது. உடல் வலுவுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் இந்த நோயில் அகப்படும் வாய்ப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அவருடைய பயணத்தைத் தாளில் எழுதச் சொன்னேன். காத்மண்டு சுமார் 1400 மீற்றர். அங்கிருந்து பஸ்ஸில் துஞ்சே, சுமார் 2000 மீற்றர். மறுநாள் நடந்து சந்தன்பாரி, 3300 மீற்றர் அளவில். அதற்கு மறுநாள் நேரே ஏரிக்கரை. ஆக, உறங்கும் உயரம் ஒரே நாளில் ஆயிரம் மீற்றருக்கு மேல் கூடியிருக்கிறது. 3000 மீற்றருக்கு மேலே உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒருநாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அரிச்சுவடி. அவர் இருமடங்கு வேகத்தில் போயிருக்கிறார்.

கடல்மட்டத்தில் உள்ள வளியமுக்கத்தில் ஏறக்குறைய அறுபது வீதந்தான் அந்த ஏரிக்கரையில் இருக்கும். வளியில் ஒட்சிசனின் பங்கு அங்கேயும் 21 வீதந்தான். அமுக்கம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஒட்சிசனின் அளவு குறைந்துவிடுகிறது. உடல் இதற்குச் செய்யும் முதல் வேலை வேகமாக மூச்சுவிடுவது. அப்படி மூச்சுவிடும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகங்கள் இருகாபனேற்று என்ற காரப்பொருளை வெளியேற்றிச் சரிப்படுத்தச் சில நாட்கள் வேண்டும். அந்தச் சில நாட்களைத்தான் நாங்கள் பயணத் திட்டத்தில் வெட்டிவிடுகிறோம், லீவு இல்லை என்பதற்காக. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதோ கிழமைக்கணக்கில் நடக்கும் காரியம்.

இரவு அவருக்குத் தலையிடி. குமட்டியது, சாப்பிட மனமில்லை. குளிரால் என்று நினைத்து இரண்டு பெனடோல் போட்டுப் படுத்திருக்கிறார். தாழ்நிலத்திலிருந்து வந்தவருக்கு உயரத்தில் தலையிடியும் அதனுடன் குமட்டல், களைப்பு, தலைச்சுற்று ஆகியவற்றில் ஒன்றும் இருந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது மலைநோய்தான். இந்த அறிகுறிகளுக்குப் புள்ளியிட வைத்தியர்கள் பயன்படுத்தும் அளவுகோலின் பெயரே ஓர் ஏரியின் பெயர். கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் வரிசையில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்களே, அந்த லூயிஸ் ஏரிக்கரையில் 1991இல் கூடிய ஆய்வாளர்கள் அதை வகுத்தார்கள். 2018இல் அதைத் திருத்தியபோது நித்திரைக் குழப்பத்தை நீக்கிவிட்டார்கள்; உயரத்தில் எவருக்குமே நித்திரை சரியாக வராது என்பதால். தலையிடி மட்டும் அன்றும் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது.

தலையிடியோடு ஏறக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியே புறப்பட்டார். சூரிய குண்டம் என்ற ஏரியைக் கடந்து, கணவாயில் பாதையை விட்டு விலகி, கற்குவியல்களின் மேல் கையும் காலும் ஊன்றி ஏறினார். ஓரிடத்தில் கையுறையைக் கழற்றிப் படம் எடுக்கும்போது கையுறை நழுவிச் சரிவில் உருண்டு போயிருக்கிறது. "அது போறதைப் பார்த்து நான் சிரிச்சனான், டொக்டர். ஏன் சிரிச்சன் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை" என்றார். பிறகு ஒரு பாறையில் குந்தியிருந்தது நினைவிருக்கிறது. மேகம் மூடியது நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பது நினைவில்லை. கணவாயைக் கடந்துகொண்டிருந்த இரண்டு சுமைகாரர்கள் தற்செயலாக அவரைக் கண்டு, வெறிகாரனைப் போலத் தள்ளாடியவரைத் தாங்கிப் பிடித்து, அன்றிரவே சந்தன்பாரிவரை இறக்கியிருக்கிறார்கள். பாதிவழி இறங்கும்போதே பேச்சுத் தெளிந்துவிட்டதாம்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. கால் தள்ளாடுவதும் புத்தி தடுமாறுவதும் மலைநோய் மூளை வீக்கமாக மாறிக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். கவனியாமல் விட்டால் ஒரு நாளுக்குள்ளேயே மயக்கத்தில் தள்ளிவிடும். நெஞ்சு வலித்தால், கால் முறிந்தால், தனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மனிதனுக்குத் தெரியும். மூளைக்கு ஒட்சிசன் குறையும்போதோ, "எனக்கு வருத்தம்" என்று அறிய வேண்டிய உறுப்பே முதலில் மங்கிப்போகிறது. அதை வெளியே நின்று பார்த்துச் சொல்ல இரண்டாவது ஆள் வேண்டும். தனியே மலையேறுவதன் ஆபத்து என்றால் விழுந்தால் தூக்க ஆளில்லை என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, "நீ இப்போது சரியாக இல்லை, திரும்பு" என்று சொல்ல ஆளில்லாமற் போவது.

நுரையீரலில் நீர் கோப்பது இதன் இன்னொரு முகம். உயரத்தால் வரும் மரணங்களில் அதிகமானவை அதனால்தான். பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாம் இரவில் தொடங்கும். முதலில் வறட்டு இருமல், மற்றவர்களோடு நடக்க முடியாமை, பிறகு சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், கடைசியில் இளஞ்சிவப்பு நுரை. தலையிடியே இல்லாமலும் வரலாம். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. முந்நூறு மீற்றர் இறங்கினாலே சிலருக்குத் தெளியும். ஆயிரம் மீற்றர் இறங்க வேண்டியும் வரலாம். காலைவரை பொறுத்துப் பார்ப்போம் என்பது இங்கே செல்லாது.

பாறையைப் பிடித்து ஏறுவதைப் பற்றிச் சொல்ல நான் மலைவீரன் அல்லன். ஆனால் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரதேசத்தில் அவர்கள் பனையிலிருந்து விழுந்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த முதிய சீவல் தொழிலாளி ஒருவர், "ஏறேக்கை கண் முன்னுக்குப் போகும் ஐயா, இறங்கேக்கை கால் முன்னுக்குப் போகும், கண் அதுக்குப் பின்னாலை" என்றார். பாறையிலும் அதே கணக்குத்தான். ஏறும்போது பிடியும் படியும் முகத்துக்கு நேரே தெரியும். இறங்கும்போது காலால் தடவித் தேட வேண்டும். அதற்குள் தொடைத் தசை களைத்திருக்கும், மாலைநேர மேகம் இறங்கியிருக்கும். இறங்கத் தெரியாத இடத்தில் ஏறக் கூடாது. பனை ஒன்றுதான், வழியும் ஒன்றுதான். மலையிலோ பாதையை விட்டு விலகினால் இறங்கும் வழி வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

சுவிற்சர்லாந்தில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அங்கே மஞ்சள் அடையாளம் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கையையும் பயன்படுத்த வேண்டிய கடினமான உயர்மலைப் பாதை. விடுமுறைக்குப் போகும் மச்சான்மார் ஏரியைப் பார்க்கும் ஆவலில் நிறத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அங்கே மீட்பு உலங்குவானூர்திக்கு 1414 என்ற இலக்கம் உள்ளது. தொலைபேசி எடுபடாத இடத்தில், அல்ப்ஸ் மலைகளில் வழங்கும் ஆபத்துச் சைகை நிமிடத்துக்கு ஆறு தடவை விசிலோ வெளிச்சமோ கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது. மூன்று தடவை பதில் வந்தால் கண்டுகொண்டார்கள் என்று பொருள்.

ஏரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாத்திரை போகும் எங்களவர்கள், கீரிமலையில் முழுகுவதைப் போல அங்கேயும் முழுகுவார்கள். உயரம் ஆயிரம் மீற்றர் கூட, வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். கோசாய்குண்டத்து நீர் உறைநிலைக்கு அருகில் இருக்கும். அப்படிப்பட்ட நீரில் இறங்கும் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடின்றி உள்ளிழுக்கும், இரத்த அழுத்தம் ஏறும். இருதய நோயாளிக்கு அது போதும். குளிர், நுரையீரல் நாளங்களின் அமுக்கத்தையும் கூட்டும். தலையில் நீரைத் தெளித்தால் புண்ணியம் குறையாது என்று நான் சொல்லும்போது, அப்பர் சுவாமிகள் கயிலைக்குத் தனியே போய்த் தடாகத்தில் முழுகினாரே என்று ஓர் அம்மா கேட்டார். கால் தேயக் கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் புரண்டும் போனவர் அவர். திரும்பிப் போ என்று முனிவர் சொல்லியும் திரும்ப மறுத்தவர். அவர் எழுந்தது திருவையாற்றில். நாங்கள் எழ வேண்டிய இடம் முழுகிய அதே கரை, திரும்பிவரும் விமானச் சீட்டு வேறு இருக்கிறது என்றேன்.

மருந்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அசற்றசோலமைட் 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல்நாளிலிருந்து எடுத்தால் உடல் பழகுவது விரைவுபடும். விரல்கள் கூசும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா ருசிக்காது. என் இளைஞருடைய விரலைப் பார்த்தபோது இந்தக் குளிசை எடுத்தாரா என்றுதான் அடுத்துக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரக நோயாளிகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. டெக்சாமெதசோன் மூளை வீக்கத்துக்கான அவசர மருந்து; அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது, தீச்சமிக்ஞை மணியின் வயரை அறுத்துவிட்டுப் படுப்பதைப் போன்றது. நித்திரைக் குளிசையும் மதுவும் மூச்சைத் தாழ்த்துவதால் அங்கே கூடவே கூடாது.

2023 ஏப்ரலிலிருந்து நேபாளம், வெளிநாட்டு மலைநடையாளர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று விதித்திருக்கிறது. எல்லா வழிகளிலும் ஒரே இறுக்கத்தோடு அது நடைமுறையாவதில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை வீண்செலவு என்று கருதுவோர், இரவில் தலையிடிக்கும்போது தன்னை எழுப்பி நடக்கச் சொல்ல எவர் இருப்பார் என்று யோசித்துப் பார்க்கட்டும். புறப்படுமுன் வழி, தங்குமிடம், திரும்பும் நாள் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். காப்புறுதி எடுப்பவர்கள், எத்தனை மீற்றர் உயரம்வரை உலங்குவானூர்தி மீட்பு அடங்கும் என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

அந்த இளைஞர் சென்ற மாதம் மீண்டும் வந்தார். விரல்கள் தேறிவிட்டன, குளிரூட்டிய அறையில் மட்டும் இன்னும் வலிக்கிறதாம். இந்தமுறை கயிலாய யாத்திரைக்கு உடற்தகுதிக் கடிதம் வேண்டும் என்றார், அம்மாவுக்கும் சொல்லிவிட்டார். கயிலையை வலம்வரும் வழியில் டோல்மா கணவாய் 5600 மீற்றரைத் தாண்டும். ஈசிஜியும் இரத்த அழுத்தமும் பார்த்தபின், கிளினிக் தரையில் மாபிள் ஓடுகளின் கோட்டின்மேல், குதிக்காலின் முன் விரல் படும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னேன். நேராக நடந்தார். மேலே ஒவ்வொரு மாலையும் இப்படி நடக்க வேண்டும், தள்ளாடினால் இரவென்றும் பாராமல் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நடப்பதைப் பார்க்கப் போகிறவர் யார் என்று கேட்டேன். மச்சான் ஒருவர் கூட வருகிறார் என்றார். கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. மச்சானையும் அடுத்த கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு நீரிழிவு இருக்கிறதாம்.