கயோட்டிக் குட்டியும் நூறு மீட்டர் தூரமும்

மண்மேட்டில் ஒரு குழி. குழியின் வாயில் கரும்பழுப்பாக ஏதோ அசைகிறது. முதலில் பார்ப்பவருக்கு அது மண்கட்டி போலத்தான் தெரியும். பிறகு மண்கட்டிக்கு இரண்டு காதுகள் முளைக்கின்றன. இன்னொரு மண்கட்டி வந்து அதன் முதுகில் ஏறி அந்தக் காதைக் கடிக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், மே மாதத்தில், லமார் பள்ளத்தாக்கின் சரிவுகளைத் தொலைநோக்கியால் மணிக்கணக்கில் துழாவுகிறவர்களுக்குக் கிடைக்கும் பரிசு இது: கயோட்டிக் குட்டிகள் வெளியே வந்துவிட்டன.

கயோட்டி வட அமெரிக்காவின் விலங்கு. நம் ஊர் நரி, ஓநாய், வீட்டு நாய் எல்லாம் சேர்ந்த அதே பேரினம்தான். நரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாய்க்கு முன் நின்றால் பொடியன். 1823இல் தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் இதற்கு வைத்த அறிவியல் பெயருக்கு 'குரைக்கும் நாய்' என்று பொருள். இதன் ஊளையைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் போதாது என்று தோன்றும். அது வேறு கதை.

ஏன் மே மாதம்? பெண் கயோட்டி ஆண்டுக்கு ஒரு முறைதான் இனச்சேர்க்கைக்குத் தயாராகிறது, அதுவும் குளிர்காலத்தின் கடைசிப் பகுதியில். கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். ஆகவே ஏப்ரல் வாக்கில் குட்டிகள் பிறந்துவிடும். ஓர் ஈற்றில் சராசரியாக ஆறு. பிறக்கும்போது ஒவ்வொன்றும் கால் கிலோ எடைதான், கண் திறந்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் வளையின் வாசலுக்குத் தள்ளாடி வரும். இரண்டு மாதம் கழிந்தால் குடும்பம் வளையையே விட்டுப் போய்விடும். படம் எடுக்க நினைப்பவருக்குக் கிடைப்பது இடைப்பட்ட ஐந்தாறு வாரம்தான்.

அந்த ஐந்தாறு வாரத்தில் நடப்பது என்ன என்று தெரியாமல் கேமராவைத் தூக்கினால் நூறு படத்தில் தொண்ணூறு வெறும் ரோமப் பந்தாகத்தான் வரும். கயோட்டிக் குட்டிகள் விளையாடுவதற்கு முன்பே சண்டை போடத் தொடங்கிவிடுகின்றன. ஓநாய்க் குட்டியோ நாய்க்குட்டியோ இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கடுமையாகச் சண்டையிடுவதில்லை. யார் பெரியவன் என்ற கேள்விக்கு நாலைந்து வார வயதிலேயே ரத்தம் வராத குறையாக விடை காண்கின்றன. விடை கிடைத்த பிறகுதான் விளையாட்டு சூடு பிடிக்கிறது.

விளையாட்டிலும் கடிதான், துரத்தல்தான், கழுத்தைக் கவ்வி உதறல்தான். அப்படியானால் எதிரில் இருக்கும் குட்டிக்கு இது நிஜச் சண்டை இல்லை என்று எப்படித் தெரிகிறது? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்காஃப் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துருவினார். முன்னங்கால்களை நீட்டித் தரையில் பதித்து, பின்புறத்தை உயரத் தூக்கி, வாயைத் திறந்து நிற்கும் ஒரு நிலை உண்டு. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். விளையாட்டு வணக்கம் என்று வைத்துக்கொள்வோம். அது விளையாட்டைத் தொடங்கிவைக்க மட்டும் பயன்படும் அழைப்பு அல்ல என்பதை 1995இல் வெளியான ஆய்வில் அவர் காட்டினார். கடித்து உதறுவது போன்ற, தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்போ பின்போ அந்த வணக்கம் அடிக்கடி வருகிறது. 'இப்போது செய்யப்போவதும் விளையாட்டுதான், கோபித்துக்கொள்ளாதே' என்பதுபோல. கடுமையாகச் சண்டையிடும் இனத்துக்கு இப்படி ஓர் அடையாளம் கூடுதலாகத் தேவைப்படுவதில் வியப்பில்லை.

புகைப்படக்காரருக்கு இது பொன்னான தகவல். மனிதக் கண் ஒன்றைப் பார்த்து விரல் பொத்தானை அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் அது நான்கு படம். பாய்ச்சலைப் பார்த்த பிறகு அழுத்தினால் பாய்ச்சல் முடிந்திருக்கும். வணக்கத்தைப் பார்த்து அழுத்துகிறவருக்குப் பாய்ச்சல் கிடைக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மட்டும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தூரத்துக்கு வருவோம். யெல்லோஸ்டோன் விதிப்படி கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 91 மீட்டரும் கயோட்டியிடமிருந்து 23 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். 23 மீட்டர் என்பது நடந்து செல்லும் தனிக் கயோட்டிக்குப் பொருந்தலாம். குட்டிகள் இருக்கும் வளைக்கு அது மிகவும் அருகில் என்பது என் எண்ணம். விலங்கு கலைந்துபோகும் எந்தத் தூரமும் தவறு என்று அதே விதிகள் சொல்கின்றன. வளை என்றால் நூறு மீட்டராவது தள்ளி நிற்கலாம், அதற்கு மேலும் நிற்கலாம்.

'அவ்வளவு தூரத்தில் என்ன படம் வரும்?' கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. அகலமுள்ள சென்சார். 25 மீட்டரில் ஃபிரேமுக்குள் அடங்கும் அகலம் ஒன்றரை மீட்டர். 100 மீட்டரில் ஆறு மீட்டர். குட்டி 40 செ.மீ. நீளம் என்று கொண்டால், ஃபிரேமில் பதினைந்தில் ஒரு பங்கு. 8,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் குட்டிக்கு 530 பிக்சல் கிடைக்கும். சுவரில் பெரிதாக மாட்ட அது போதாது. ஆனால் அந்த ஆறு மீட்டருக்குள் வளை, மண்மேடு, ஆறு குட்டிகள், திரும்பி வரும் தாய் எல்லாம் அடங்குகின்றன. முகத்தை மட்டும் அடைத்து எடுத்த படம் எந்த விலங்குக்காட்சிச் சாலையிலும் கிடைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப்/5.6 அளவில் இருந்தால், 25 மீட்டரில் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் அறுபது சென்டிமீட்டர்கூடத் தேறாது. ஒரு குட்டியின் மூக்கு தெளிவாக இருந்தால் பின்னால் நிற்கும் தம்பி மங்கிவிடுவான். 100 மீட்டரில் அதே ஆழம் ஒன்பது மீட்டருக்கு மேல். மொத்தக் கும்பலும் தெளிவு.

தூரத்தின் நிஜமான எதிரி காற்று. வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகிக் குமிழ் குமிழாக மேலெழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், வழியில் நூற்றுக்கணக்கான மோசமான கண்ணாடிகளைத் தொங்கவிட்டதுபோல் ஆகிவிடும். எத்தனை விலையுயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. இதனால்தான் விடியற்காலையில் போகச் சொல்கிறார்கள். ஆனால் விடியலிலும் சிலருக்குப் படம் கலங்கியே வருகிறது, லென்ஸைத் திட்டுகிறார்கள். குற்றவாளி கார்தான். குளிருக்கு ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை இறக்கி, லென்ஸை வெளியே நீட்டினால், உள்ளிருந்த வெப்பக் காற்று லென்ஸின் முன்னால்தான் வழிந்து போகிறது. ஹீட்டரையும் இன்ஜினையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே குளிராகும்வரை நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். வேறு வழி கிடையாது.

காரிலேயே இருப்பதில் நன்மை இருக்கிறது. சாலையோரம் நிற்கும் கார் அந்த விலங்குகளுக்குப் பழகிய பொருள். கதவைத் திறந்து இறங்கும் மனித உருவம் பழகாதது. நாய்க் குடும்பத்தின் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அவற்றுக்குக் கடினம். அசைவை மட்டும் உடனே பிடித்துவிடும். பச்சைப் புள்ளி போட்ட சட்டைக்குச் செலவழிக்கும் பணத்தில் கையை ஆட்டாமல் இருக்கப் பயிற்சி எடுக்கலாம். காற்று நம்மிடமிருந்து வளையை நோக்கி வீசினால், நாம் என்ன உடுத்தியிருந்தாலும் கதை முடிந்தது.

முடிந்தது என்றால் எப்படி? தாய் முதலில் தலையை நிமிர்த்துகிறாள். காதுகள் நம் பக்கம் திரும்புகின்றன. அடுத்து, குரைப்பு என்றும் சொல்ல முடியாத, மூச்சை வெடித்து வெளியேவிடும் சிறு ஒலி. குட்டிகள் நொடியில் வளைக்குள் மறையும். அதற்கு மேலும் ஆள் நகராமல் நின்றால், அவள் வளையையே மாற்றிவிடுவாள்: ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி, திறந்த வெளியைக் கடந்து. 1995இல் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவரப்பட்ட பள்ளத்தாக்கு இது. கயோட்டியைக் கண்டால் ஓநாய் விடுவதில்லை. நமக்கு ஒரு படம், அவளுக்கு ஆறு முறை அந்த வெளியில் போய்வருதல். அவள் தலை நிமிர்ந்த கணத்தில் கேமராவை இறக்கிவிட்டுக் கிளம்புகிறவர் மறுநாளும் வரலாம்.

வளை இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் அந்தக் கிளம்புதலைச் சேர்ந்ததுதான். செல்பேசியில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு போகும். அதை அணைத்துவிடுவது நல்லது.

ஜூன் பிற்பகுதியில் போனால் மண்மேடு காலியாக இருக்கும். குட்டிகளின் கருமை வெளிறி, புல்லின் நிறத்துக்கு வந்திருக்கும், புல்லும் உயர்ந்திருக்கும். எங்கோ ஓரிடத்தில் புல் நுனிகளுக்கு மேல் ஒரு ஜோடிக் காது எழும், பூச்சியையோ எலியையோ தேடித் திரும்பும், பிறகு ஒரு தாவலோடு உள்ளே விழும்.